விரதம் பிடித்த சாரை

என் மனைவி சந்திரமதி என்னைவிட அதிகமாக நேசிக்கும் உயிர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் நீளம் இரண்டு மீட்டர். அளவுநாடா ஒன்றரை மீட்டர் என்றுதான் காட்டியது. ஆனால் அன்று அது நெளிந்து படுத்திருந்தது, நாடாவை நான் ஓரெட்டுத் தள்ளி நின்றுதான் பிடித்தேன். ஆகவே இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வரும் நாட்களில் மூன்று.

நிறம் கறுப்பு. தொண்டையில் மட்டும் வெள்ளை, கல்யாண விருந்துக்குப் போகிற ஹோட்டல் மனேஜர் மாதிரி. கண்ணுக்கு இமை கிடையாது. தூங்குகிறதா, என்னைக் கவனிக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கவனிக்கிறது என்பதே என் முடிவு.

சுவிஸ் நாட்டு இன்டர்லாக்கனில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த சுவிஸ்காரக் கிழவி ஃபிராவ் சுர்புக்கனுடைய பாம்பு அது. 2019 கோடையில் அவர் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எங்களைக் கூப்பிட்டு, பாம்பைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் மறுபேச்சில்லாமல் சம்மதித்தேன். அதற்குள் ஒரு சூழ்ச்சி இருந்தது. சந்திரமதி பூந்தொட்டியில் மண்புழுவைக் கண்டாலே நாற்காலியில் ஏறி நிற்பவள். அன்று மாலைக்குள் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நல்ல பெயர் எனக்கு, மறுத்த பெயர் அவளுக்கு.

ஃபிராவ் சுர்புக்கன் அந்தப் பாம்பை எடுத்து அவளுடைய கையில் வைத்தார். அது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாகச் சுற்றி, மடிப்பில் தலையை வைத்துக்கொண்டது. சந்திரமதி நாற்காலியைத் தேடவில்லை. "பாவம், இதுக்குக் குளிருது போலை" என்றாள். அவ்வளவுதான். எங்கள் இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் நான் அந்த நிமிடம் இரண்டாம் இடத்துக்கு இறங்கினேன். ஃபிராவ் சுர்புக்கன் பிறகு முதியோர் இல்லத்திலேயே தங்கிவிட்டார். பாம்பு எங்களோடு தங்கிவிட்டது.

எங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சி இருந்த இடத்துக்குக் கண்ணாடிக்கூடு வந்தது. தொலைக்காட்சி படுக்கையறைக்குப் போனது. நானும் மெல்ல மெல்ல அந்தப் பக்கமாகவே ஒதுக்கப்பட்டேன்.

ஒரு பாம்போடு இந்த மனிதனுக்கு என்ன போட்டி என்று நீங்கள் கேட்கலாம். நான் இந்த ஊர் ஹோட்டல் குசினியில் இருபத்தெட்டு வருடம் நின்றவன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு விடுவார்கள், பின்னேரம் திரும்பக் கூப்பிடுவார்கள். நான் வீட்டில் இருக்கும் நேரம் சந்திரமதி வேலையில் இருப்பாள். அவள் வரும் நேரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து கழித்த மாலைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், மிச்சக் கையால் தேநீரும் குடிக்கலாம். 2018இல் ஓய்வு பெற்ற அன்று, இனிமேல் இந்த உலகத்தின் பின்னேரங்கள் எல்லாம் என்னுடையவை என்று நினைத்தேன். ஒரு வருடம் அப்படித்தான் இருந்தது. அவள் ஹோட்டல் சலவைப் பகுதியிலிருந்து வருவாள், தேநீரோடு என் எதிரே இருப்பாள், எந்த அறைக்காரன் எந்தப் படுக்கை விரிப்பில் வைனைக் கொட்டினான் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அதைவிடச் சுவையான கதையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

பாம்பு வந்த பிறகு அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கண்ணாடிக்கூட்டுக்குப் போனாள். ஃபிராவ் சுர்புக்கன் அதற்கு ஊலி என்று ஒரு நல்ல சுவிஸ் பெயர் வைத்திருந்தார். சந்திரமதி அதை மாற்றி ராசா என்றாள். என்னை அவள் கடைசியாக ராசா என்று கூப்பிட்டது தொண்ணூற்று நான்கில், எனக்குக் கொப்புளிப்பான் வந்து உடம்பெல்லாம் எரிந்தபோது. இப்போது ஒரு கொப்புளமும் இல்லாமல் ஒருவன் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். வைன் கொட்டிய படுக்கை விரிப்புக் கதைகளும் அவனுக்கே போயின. நான் படுக்கையறையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கேட்டேன்.

எங்கள் மகள் கிருசிகா ஷ்லீரனில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். என் துயரத்தைச் சொல்ல அவளுக்குத் தொலைபேசி எடுத்தால், அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். அது வட அமெரிக்கச் சாரை, நஞ்சு கிடையாது, இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும், அங்கே விவசாயிகள் எலி பிடிக்கட்டும் என்று தானியக் கொட்டில்களில் அதை விட்டுவைப்பார்களாம். வயிற்றுச் செதில்களின் ஓரத்தை மரப்பட்டையில் கொளுவிக்கொண்டு, கொப்பே இல்லாத நெட்டை மரத்திலும் நேர்குத்தாக ஏறுமாம். ஏறி, மரங்கொத்தியின் பொந்துக்குள் தலையை விட்டு, முட்டை குஞ்சு எல்லாவற்றையும் காலி பண்ணுமாம். இதைக் கேட்ட சந்திரமதி கண்கலங்கி, ராசா ஏறி விளையாடட்டும் என்று காட்டிலிருந்து ஓக் மரக்கொப்பு ஒன்றைத் தோளில் சுமந்து வந்தாள். என் முதுகுவலிக்கு ஒரு தலையணை கேட்டு நான் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.

அதன் குணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் கிட்டப் போனால் நாக்கை நீட்டி நீட்டி வரவேற்கும். நான் கிட்டப் போனால் வாலைக் காய்ந்த சருகுக்குள் வைத்து அடிக்கும், கிர்ர்ர் என்று. அமெரிக்காவில் வாலில் கிலுகிலுப்பை உள்ள நச்சுப்பாம்பு ஒன்று உண்டாம், அதைப்போல நடித்து எதிரியை விரட்டுவது இதன் வழக்கமாம். "அது பயத்திலை செய்யிறது அப்பா. நீங்கள் கிட்டப் போய் முறைச்சுப் பாக்கிறியளோ?" என்று கிருசிகா கேட்டாள். இல்லை என்று முறைத்துக்கொண்டே சொன்னேன்.

ஒருநாள் சந்திரமதி பார்க்கும்படியாக அன்போடு அதைத் தூக்கப் போனேன். அது பின்பக்கத்தால் ஒரு நாற்றத்தை என் சட்டையில் இறக்கியது. அழுகிய வெங்காயச் சாக்குக்குள் கால் வியர்த்து நனைந்த சப்பாத்தை ஒரு மாதம் கட்டிவைத்துத் திறந்தால் வரும் வாசம். அதுவும் அதன் தற்காப்பு வித்தையாம். மூன்று முறை குளித்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். யுங்ஃபிராவ் மலை பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் பாதி வழியில் ஊருக்குத் திரும்பினார்கள். சந்திரமதி பாம்பைத் தடவி, "பயந்திட்டியே என்ர ராசா" என்று ஆறுதல் சொன்னாள். சட்டையை நானே தோய்த்தேன்.

இப்படி இருக்கையில் கேதாரகௌரி விரதம் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புரட்டாதியில் தொடங்கித் தீபாவளி அமாவாசையோடு முடியும் இருபத்தொரு நாள் நோன்பு அது. மனைவி கணவனுக்காகப் பிடிப்பது. பகலெல்லாம் பட்டினி, பின்னேரம் ஒரு நேரம் மரக்கறிச் சாப்பாடு. கடைசி நாள் கோவிலில் பூசை முடிந்ததும் இருபத்தொரு இழை நூலில் முடிச்சுப் போட்ட காப்பைக் கொடுப்பார்கள். பெண்கள் இடக்கையில் கட்டுவார்கள், ஆண்கள் வலக்கையில். எனக்கு எப்போதும் அந்த நாளில் குசினி வேலை என்பதால், சந்திரமதி எனக்குரியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கையால் கட்டிவிடுவாள். அந்த வருடம் முழுக்க நான் அவளுக்கு என்ன அநியாயம் செய்திருந்தாலும், அந்த முடிச்சு இறுகும்போது எல்லாம் நேராகிவிடும். இந்த விரதத்தின் மூலக்கதையே பொறாமைதான். ஒரு முனிவர் அம்பாளை விட்டுவிட்டுச் சிவனை மட்டும் சுற்றிக் கும்பிட்டுப் போனார். அம்பாள் கோபித்து, இந்த விரதத்தைப் பிடித்து, சிவனுடைய உடம்பில் பாதியை வாங்கிக்கொண்டாள். நான் யாருடைய கட்சி என்பது இப்போது விளங்கியிருக்கும்.

விரதம் தொடங்குமுன் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். எங்கள் உறைபெட்டியில் நண்டுக்குப் பக்கத்தில் பாம்பின் சாப்பாடு இருந்தது, உறைந்த எலிகள். இருபத்தொரு நாள் ராசா என்ன செய்வான் என்று சந்திரமதிக்கு நித்திரை இல்லை. சோயாக்கட்டி தின்னுமா என்று மகளிடம் கேட்டாள். கிருசிகா சிரித்த சிரிப்பில் ஷ்லீரனில் ரயில் தாமதமாகியிருக்கும். கடைசியில், தொடங்குவதற்கு முதல்நாளே வயிறு நிறையக் கொடுத்துவிடுவது என்று முடிவாகி, ஓர் எலியைச் சுடுநீரில் இளக்கி இடுக்கியால் நீட்டினாள். பாம்பு நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொருமுறை நீட்டினாள். அது கொப்புக்குப் பின்னால் போய்ச் சுருண்டது. சந்திரமதி சாமித்தட்டைப் பார்த்தாள், பாம்பைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அதுவும் பிடிக்குது" என்றாள்.

"என்னத்தை?"

"விரதம்."

நான் மகளைத் துணைக்கு அழைத்தேன். குளிர்நாட்டுச் சாரைகள் இலையுதிர்காலம் வந்ததும் சாப்பாட்டைக் குறைப்பது சகஜம், பிறகு மாதக்கணக்கில் பூமிக்குள் பட்டினியாகவே கிடக்கும், சில இடங்களில் கிலுகிலுப்பைப் பாம்புகளோடு ஒரே பொந்தில் சண்டையில்லாமல் கிடக்கும் என்று அவள் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். சந்திரமதி ஆறுதலாகக் கேட்டுவிட்டு, அதைத்தான் தானும் சொல்வதாகவும், அதற்கு இயற்கையிலேயே அந்தக் குணம் இருக்கிறது, சிலருக்குத்தான் இல்லை என்றும் சொன்னாள். சிலர் என்றபோது அவள் பாம்பைப் பார்க்கவில்லை.

எலிகள் ஃபிராவ் சுர்புக்கன் நிலவறையில் விட்டுப்போன உறைபெட்டிக்குப் போயின. செய்தி அன்று மாலைக்குள் கோவிலுக்குப் போனது. கோவில் சபையில் இருக்கும் பாலச்சந்திரன் மனைவி புனிதவதியோடு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கண்ணாடிக்கூட்டுக்கு முன்னால் வைத்தான். எங்கள் ஊர்ப் பாம்புச்சாமி நாகதம்பிரானே பனிமலை தாண்டி வந்திருக்கிறார் என்று அவன் கண்டுபிடித்துச் சொன்னான். அன்றிரவே சனம் வரத் தொடங்கியது. ஆயிரம் பேர் வந்தார்கள். சந்திரமதியைக் கேட்டால் பத்துப் பேர் என்பாள். அவள் தேநீர் ஊற்றவில்லை, நான் ஊற்றினேன், எனக்குத்தான் தெரியும். கைகூப்பி நின்று, இப்படி ஒரு சீவன் வீட்டில் இருப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டார்கள். நான் தட்டோடு அவர்களுக்குப் பின்னால் நின்றேன், நானும் ஒரு சீவன் என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று.

யாரும் திரும்பவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானும் பிடிக்கிறேன் என்று அறிவித்தேன், இருபத்தொரு நாளும், முழுசாக.

சந்திரமதி திரும்பினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீங்களோ?" என்றாள்.

"நித்தி அண்ணை பத்து மணி வரைக்கும் தாங்குவாரோ எண்டு கேளுங்கோ தங்கச்சி" என்றான் பாலச்சந்திரன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"காப்பு விளையாட்டில்லை. இடையிலை குழப்பினால் கட்ட ஏலாது. தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். அந்த நிமிடம் எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் காப்பு ஒன்றுதான். பாம்பு பட்டினி கிடக்கலாம், கும்பிடு வாங்கலாம். அமாவாசை அன்று அவள் யாருடைய கையைப் பிடிப்பாள் என்பதில்தான் இந்த வீட்டில் யார் ராசா என்பது தீரும்.

பாலச்சந்திரன் பொல்லாதவன். முதல்நாள் சரியாகப் பத்து மணிக்கு எனக்குக் கண் இருட்டியது.

இந்த இடத்தில் ஒரு சிறு ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து முட்டைகள் நாடுகடத்தப்படப் போகின்றன என்று தெரிந்ததுமே, விரதத்துக்கு நாலைந்து நாள் முன்னதாக, உன்டர்சீன் பக்கத்துப் பண்ணையில் ஒரு பெட்டி முட்டை வாங்கி, சாமான் அறையில் அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்திருந்தேன். கழுவாத முட்டைகள். வைக்கோல் ஒட்டியிருக்கும், கோழி வாசம் அப்படியே இருக்கும். அப்போது நான் விரதம் பிடிக்கும் எண்ணத்தில் இருக்கவில்லை, ஆகவே அது குற்றத்தில் சேராது. சந்திரமதி காலையில் வேலைக்குப் போனதும் யன்னல்களைத் திறந்துவிடுவேன். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மிளகாய்த்தூள், ஒரு முட்டை. அந்த வாசத்துக்குப் பிரியன்ஸ் ஏரியில் படகுகள் கரை ஒதுங்கின. உடைத்த முட்டைக் கோதுகளை என் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு, உலாவப் போகிற சாட்டில் கீழே இருக்கும் பச்சைக் குப்பைத் தொட்டியில் சேர்ப்பேன். சாப்பிடும்போது கூட்டுக்குள்ளிருந்து அந்த இமையில்லாத கண் என்னையே பார்க்கும். தவசி ஒருவன் சோற்றுமாட்டைப் பார்ப்பதுபோல. நான் வேண்டுமென்றே மெதுவாக மென்றேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் ஒரு முட்டை சாப்பிட்டால் பெட்டியில் இரண்டு குறைந்தது. பட்டினி கிடந்தால் ஞாபகம் பிசகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அப்படி ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு பெட்டி வாங்கி வைத்தேன்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது குளிர் இறங்கியது. சந்திரமதி என் ஜாக்கெட்டைத் தோய்க்க எடுத்து, பைக்குள் கையை விட்டாள். கையை வெளியே எடுத்து என் முன்னால் விரித்தாள். உள்ளங்கையில் முட்டைக் கோது. குசினியில் ஆயிரம் தலைமைச் சமையற்காரர்களின் திட்டுக்கு நான் அசைந்ததில்லை. அந்த விரித்த கைக்கு முன்னால் ஓரெட்டுப் பின்வாங்கினேன்.

அப்போது எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது.

"அது ராசாவின்ர வேலை" என்றேன். "உம்மட மனம் நோகக்கூடாதெண்டு நான்தான் ஒளிச்சனான்."

எவ்வளவு அழகான பொய். கண்ணாடிக் கதவை அவள் காற்றோட்டத்துக்கு விரலளவு திறந்துவிடுவதையும், பாம்பு அதனூடாக இறங்கி எங்கோ கிடந்த முட்டையைத் தின்றதையும், நான் கோதுகளைப் பொறுக்கி அவனுடைய மானத்தைக் காப்பாற்றியதையும் விரித்துச் சொன்னபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. சந்திரமதி மெல்லத் திரும்பிக் கூட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வலி இருந்தது. நான் நேரே கைலாயத்துக்குப் போய் அம்பாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆனால் அவள் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டு, கோதைத் திரையில் காட்டினாள்.

"அம்மா, பாம்பு கோது உரிச்சுச் சாப்பிடாது" என்றாள் கிருசிகா. "முழுசா விழுங்கும். உள்ளுக்குப் போனாப் பிறகு உடம்பாலை நெரிச்சு உடைக்கும். கோதும் சேந்து செமிச்சிடும். ஒண்டும் வெளியிலை வராது."

"அப்ப இது?"

"அப்பாவைக் கேளுங்கோ."

சந்திரமதி கோதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். "இதிலை மிளகாய்த்தூளும் ஒட்டியிருக்கு" என்றாள். மிச்ச முட்டை எங்கே என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். அது முழுப் பொய் அல்ல, பெட்டியில் கொஞ்சம்தான் இருந்தது. கண்ணாடியை விரலளவும் திறந்துவிட வேண்டாம், தலை போகிற இடத்தால் உடம்பும் போய்விடும் என்று கிருசிகா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ராசா அப்படிப்பட்டவன் இல்லை என்று தொலைபேசியை வைத்தாள்.

பிறகு என்னிடம், "இந்த வருசம் உங்களுக்குக் காப்பில்லை" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். தேநீரில் சீனி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அன்று பின்னேரம் அவள் கூட்டுக்கு முன்னால் நெடுநேரம் இருந்தாள். சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். எந்தக் கதையும் கேட்கவில்லை.

தீபாவளியன்று அவள் பேர்ன் பக்கத்துக் கோவிலுக்குத் தனியே போனாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. நான் பகல் முழுக்கப் படுக்கையறையில் கிடந்து, தொலைக்காட்சியில் யாரோ பனியில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை. மனம் வரவில்லை. இருபத்தொரு நாளில் அந்த ஒருநாள்தான் எனக்கு விரதம், அதை யாரும் பார்க்கவில்லை.

பின்னேரம் பாலச்சந்திரன் தம்பதி அவளைக் காரில் கொண்டுவந்து விட்டு, ராசாவைக் கும்பிட உள்ளே வந்தார்கள். சந்திரமதியின் இடக்கையில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. கையில் வெற்றிலைக்குள் சுற்றிய இன்னொரு காப்பு. பழக்கத்தில் இரண்டு வாங்கிவிட்டாளா, வேறு யோசனை இருந்ததா, தெரியவில்லை. நான் மூச்சை விடாமல் அந்த வெற்றிலையைப் பார்த்தேன். பாலச்சந்திரனும் பார்த்தான்.

"தங்கச்சி, அதை ராசாவுக்குக் கட்டுங்கோ. இருபத்தொரு நாள் ஒண்டும் வாயிலை வைக்காத சீவன். அந்தக் கொப்பிலை கட்டினாலும் காணும்."

நித்தி அண்ணைதான் குழப்பிப்போட்டாரே என்று புனிதவதி மெல்லச் சேர்த்துக்கொண்டாள். கோதுக் கதை கோவில் வரை போயிருந்தது.

சந்திரமதி என்னைப் பார்க்காமல் கூட்டை நோக்கி நடந்தாள். அந்த ஐந்தாறு எட்டும் எனக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸ் வந்த தூரம். கண்ணாடியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டாள். சருகைக் கிளறினாள். கொப்பைத் தூக்கினாள்.

கூடு வெறுமையாக இருந்தது.

அவளுடைய முகத்தில் இருந்த நிறம் அப்படியே இறங்கிப் போனது. நாங்கள் சோபாவைப் புரட்டினோம், திரைச்சீலையை உதறினோம். சொரசொரப்பான சுவர் என்றால் கூரை வரை ஏறுமே என்று நான் அண்ணாந்து பார்த்தேன். கடவுள் கூட்டுக்கு வெளியே உலாவுகிறார் என்பது உறைத்ததும் பாலச்சந்திரன் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினான். புனிதவதி அவனுக்கு முன்னமே இன்னொன்றில் ஏறிவிட்டாள்.

அப்போது சாமான் அறையிலிருந்து ஒரு சத்தம். கிர்ர்ர். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சத்தம், ஆனால் இம்முறை அரிசிச் சாக்கில் வால் அடிபடுகிற சத்தம்.

கதவைத் திறந்தேன். சாக்குக்குப் பின்னால், என் முட்டைப் பெட்டியைச் சுற்றி வளைந்துகொண்டு, அவன் இருந்தான். வாய் தலையைவிடப் பெரிதாகப் பிளந்திருந்தது. வாய்க்குள் பாதி முட்டை. கழுத்துத் தோல் விரிந்து, கறுப்புச் செதில்களுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நாலுபேரும் வாசலில் நின்று பார்த்தோம், பாலச்சந்திரன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து அதன்மேல் நின்றான். முட்டை இம்மி இம்மியாக உள்ளே போனது. கழுத்தில் ஒரு புடைப்பு இறங்கியது. அவன் உடம்பைச் சாக்கோடு அழுத்தினான். உள்ளே டக் என்று ஒரு சிறு சத்தம். பிறகு பெரிய கொட்டாவி ஒன்று விட்டுத் தாடையைச் சரிசெய்துகொண்டான். ஒரு துண்டுக் கோதும் வெளியே விழவில்லை.

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். நான் சொன்ன பொய், நான் வளர்த்த பொய், என் கண் முன்னாலேயே உண்மையாகிவிட்டது. ஒன்று சாப்பிட்டால் ஏன் இரண்டு குறைந்தது என்பது விளங்கிவிட்டது. விரதத்துக்கு முதல்நாள் எலியை வேண்டாம் என்றது பக்தியால் அல்ல, என் முட்டை வயிற்றில் இருந்ததால். இந்தச் சாரைகள் நல்ல இரை கண்ட இடத்தையும் தங்கள் பொந்தையும் மறக்காமல் போய்வரும் என்று கிருசிகா சொல்லியிருந்தாள். பகலில் நான் உலாவப் போனதும் இறங்கி, சாமான் அறைக் கதவின் அடியால் புகுந்து சாப்பிட்டுவிட்டு, விளக்குச் சூட்டுக்குத் திரும்பி வந்து தவசி வேடத்தில் படுத்திருக்கிறான். நான் ஒரு வக்கீலைப்போல இவ்வளவையும் விரலை நீட்டி நீட்டி எடுத்துரைத்தேன்.

சந்திரமதி பாம்பைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முட்டை முடிஞ்சுது எண்டியள்" என்றாள்.

என் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

நாற்காலியின் மேலிருந்து பாலச்சந்திரன் கைகூப்பினான். நாகதம்பிரானுக்கு முட்டைதானே படைப்பது, பூசை நாளில் அவரே இறங்கிவந்து படையலை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றான். அவன் கண்ணில் உண்மையிலேயே நீர் நின்றது. நாளைக்குத் தானும் ஒரு பெட்டி கொண்டுவருவதாகப் புனிதவதி நேர்ந்துகொண்டாள். நியாயத்தைப் பாருங்கள். ஒரே பண்ணை, ஒரே கோழி, ஒரே பெட்டி. நான் தின்றால் விரதத்தைக் குழப்பிய பாவி. அவன் தின்றால் அருள். எனக்கு வந்த எரிச்சலில் ஐகர் மலையின் பனி முழுவதும் உருகியிருக்க வேண்டும், எப்படி இன்னும் நிற்கிறதோ தெரியாது.

சந்திரமதி இரண்டு கைகளாலும் பாம்பை ஏந்தினாள், புடைப்பு அமுங்காமல். கொண்டுபோய்க் கூட்டில் விட்டு, கண்ணாடியை முழுவதாக இழுத்து, முதல்முறையாகப் பூட்டினாள். பாலச்சந்திரன் இறங்கிவந்து, இப்போதாவது அந்தக் கொப்பில் கட்டிவிடும்படி நினைவூட்டினான். அவள் வெற்றிலையைப் பிரித்து, காப்பைக் கையில் எடுத்தாள். கூட்டைப் பார்த்தாள்.

"அதுக்கு எதுக்கண்ணை காப்பு? அதுக்குக் கையுமில்லை" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீட்டுங்கோ" என்றாள்.

"நான் குழப்பிப்போட்டன்" என்றேன். இருபத்தொரு நாளில் நான் சொன்ன முதல் உண்மை, அதுவும் என் அனுமதி இல்லாமல் வெளியே வந்தது.

"தெரியும். விரதம் பிடிச்சது நான். ஆருக்காகப் பிடிச்சனான் எண்டு எனக்குத் தெரியாதோ? நீட்டுங்கோ."

அவசரத்தில் இடக்கையை நீட்டினேன். அதைத் தட்டிவிட்டு வலக்கையை இழுத்தாள். கட்டினாள். கோபம் எல்லாவற்றையும் அந்த முடிச்சில் போட்டு இறுக்கினாள், விரல்கள் நீலமாகி, தோள்மூட்டு வரை விறைத்தது. தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவிழ்த்துவிட்டாலும் விட்டிருப்பாள்.

பாலச்சந்திரன் தம்பதி போன பிறகு அவள் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, கூட்டுக்கு முதுகைக் காட்டி, என் எதிரே இருந்தாள். கோவிலில் யாருடைய சேலை யாருடைய விளக்கில் பிடிக்கப் பார்த்தது, அதை அணைக்க ஐயர் கும்பத்துத் தண்ணீரை எடுக்கலாமா கூடாதா என்று எவ்வளவு நேரம் யோசித்தார் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்காமல் கேட்டேன். அவளுக்குப் பின்னால், பூட்டிய கண்ணாடிக்குள், காய்ந்த சருகில் வால் அடிக்கத் தொடங்கியது. கிர்ர்ர். நான் முறைக்கவே இல்லை, சத்தியமாக. அவளுடைய முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அது நிற்கவில்லை, தேநீர் ஆறி முடியும் வரை அடித்தது.

பாம்புகளுக்குப் பொறாமை என்ற உணர்ச்சியே கிடையாது என்று கிருசிகா அடித்துச் சொல்கிறாள். அவள் படித்தவள், நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அன்று பின்னேரம் அவள் அந்த அறையில் இருக்கவில்லை.